சொந்த ஏற்பாடு

காரில் மனைவி உட்காரும் பக்கம்தான் கடல் வர வேண்டும் என்பது தொழிலதிபரின் முதல் நிபந்தனை.

அதனால், பயண நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள், மூன்று நாள் உட்கார்ந்து போட்ட வழித்தடத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். தெற்கே முடிய வேண்டிய பயணம் தெற்கே தொடங்கியது. கடலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க அந்தப் பயண நிறுவனத்தில் இன்னும் ஆள் போடவில்லை.

திரும்பும்போது கடல் கணவர் பக்கம் போய்விடுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். திரும்பும்போது அவர்கள் விமானத்தில் வருவார்கள். கார் லாரி மேல் ஏறி வரும்.

ஒன்பது நாள், மேற்குக் கடலோரச் சாலை நெடுக. திருமண நாள் பரிசாகத் தொழிலதிபர் மனைவிக்கு வாங்கித் தந்து, தாமே ஓட்டப்போகும் ஸ்போர்ட்ஸ் கார்.

அதன் வயிறு தரையிலிருந்து நாலு விரல்கடை உயரம். ஆகவே வழியில் உள்ள வேகத்தடைகளை ஒன்று விடாமல் எழுதினாள். நூற்று நாற்பத்து மூன்று. எதில் நேராக ஏறலாம், எதில் கோணலாக ஏறி இறங்க வேண்டும் என்பது வரை.

இதற்குத்தான் படித்தாள். அவள் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதற்கு முன் அங்கே விட்ட பட்டமெல்லாம் காகிதமும் நூலும்.

மூன்று மாதச் சோதனைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. இந்தத் திட்டம் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வாசல் எந்தப் பக்கம் என்று மேலாளரே காட்டுவார்.

காரில் எல்லாம் இருந்தது, பெட்டி வைக்க இடம் மட்டும் இல்லை. பின்னால் திறந்தால் இன்ஜின். முன்னால் திறந்தால் ஒரு கைப்பை மூச்சுத் திணறும். யானை வாங்கியவருக்கு அங்குசம் வைக்க இடமில்லாத கதை.

எனவே பதினொரு பெட்டிகளோடு பின்னால் ஒரு வேன். வேனையும் ஓட்டுநரையும் அவளே பிடித்தாள். தெரிந்தவர், அந்தச் சாலையில் பதினெட்டு வருடம் ஓட்டியவர், வேகத்தடைக் கணக்கே அவர் சொன்னதுதான் என்றாள். மேலாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஓட்டுநரைப் பற்றி யார் என்ன கேட்பார்கள்?

தங்குமிடம் என்ற கட்டத்தில்தான் தகராறு.

தம்பதிக்குக் கடல் தெரியும் அறை. காருக்குக் கூரை, காவலாள், தூசி படாமல் போர்த்த மெத்தென்ற உறை. ஓட்டுநருக்கு நேரே, படிவத்தில் அச்சாகியே வரும் இரண்டு சொல்: சொந்த ஏற்பாடு.

சொந்த ஏற்பாடு என்றால் வேனின் முன்சீட்டு. முழங்காலை கியருக்கு அந்தப் பக்கம் போட்டு, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, டாஷ்போர்டில் கொசுவத்தி கொளுத்திக்கொண்டு படுப்பது. விடிந்தால் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அப்படி எட்டு இரவு.

அவள் அதை அடித்துவிட்டு, 'ஓர் அறை' என்று எழுதினாள்.

மேலாளர் அதை அடித்தார்.

மறுபடி எழுதினாள். அவர் மறுபடி அடித்தார், இந்த முறை சிவப்பு மையில். காருக்கே போர்வை கொடுக்கிறோமே, மனுஷனுக்கு ஒரு கட்டில் கொடுத்தால் என்ன என்றாள். கார் துருப்பிடிக்கும், மனுஷன் பிடிக்க மாட்டான் என்று அவர் அறிவியல் சொன்னார். இன்னொரு தடவை எழுதினால் அடுத்த வாரம் அவளுக்கும் சொந்த ஏற்பாடுதான் என்று சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்.

அவள் மூன்றாம் தடவை எழுதவில்லை. தொழிலதிபருக்கே போன் போட்டாள்.

"பெட்டியெல்லாம் அசல் தோல் சார். ராத்திரி வேன்லயே கிடந்தா கடல் காத்துக்குப் பூஞ்சை பிடிச்சிடும். பெட்டிங்களுக்குன்னு ஒரு ஏசி ரூம் போட்டுடட்டுமா?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உடனே போடச் சொன்னார். இவ்வளவு முக்கியமான விஷயம் ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று மேலாளரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அறையில் பெட்டிகளுக்குத் துணையாக ஓட்டுநர் படுத்துக்கொள்ளட்டும் என்பதும் அவருடைய யோசனையே. தாராள மனசு.

மனுஷனுக்கு இல்லாத அறை பெட்டிக்குக் கிடைத்தது. பெட்டியின் புண்ணியத்தில் மனுஷனும் உள்ளே போகலாம்.

மேலாளர் அவளைத் தன் மேசைக்கு அழைத்து, ஓட்டுநருக்குத் தகவலை அங்கிருந்தே, ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். எட்டு இரவும் ஏசி அறை என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை.

"என்னப்பா, காதுல விழுதா?" என்றார் மேலாளர்.

விழுந்ததாம். ஒரே ஒரு சந்தேகம்தானாம்.

"பெட்டிய கட்டில் மேல வச்சுட்டு நான் கீழ படுத்துக்கணுங்களா, மேடம்?"

மேலாளர் அவளைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார். தரை ஈரம் தோலுக்கு ஆகாது என்று கையாலும் விளக்கினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டிய கை.

"பெட்டி கீழ கிடக்கட்டும். கட்டில்ல நீங்க படுங்கப்பா."

பெட்டிகளை நினைத்து மேலாளர் முகம் சுளித்தார். பிறகு தெளிந்தார். ஓட்டுநர்களை எல்லாம் 'சார்' போட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தவள், ஒருவழியாக 'ப்பா' போடக் கற்றுக்கொண்டாள். இனி நிரந்தரமாக்கலாம், தேறிவிடுவாள்.

"சரிங்க மேடம்" என்றார் அப்பா.