கூரையில் இறங்கிய வல்லூறு

புகைபோக்கிக்குப் பின்னால் எதையோ அடித்துத் தூக்கிக்கொண்டு, வல்லூறு எதிர்வீட்டுக் கூரையில் இறங்கியது. ஒரு கைப்பிடி பனி தெறித்தது.

ஜன்னலில் நின்ற லிஃப்ட் மெக்கானிக்கின் கணக்கில் அது ஒரு லாரி லோடு.

பணி ஓய்வுக்குப் பிறகு, கண்ணில் பட்டதையெல்லாம் ஊதிப் பெரிதாக்குவதே அவருக்கு முழுநேர வேலை. அவர் பழுதுபார்த்த லிஃப்டுகளில் ஒன்றுகூட இருபது மாடிக்குக் கீழே நின்றதில்லை. ‘சின்ன’ என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதுமில்லை.

இவ்வளவு பெரிய சேதியை வயிற்றில் வைத்திருக்க முடியுமா? மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார்.

மச்சினர் இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டு மொட்டைமாடியில் குளிரில் நின்றிருந்தார். நேற்று மாலை எல்லாப் புறாக்களும் கூட்டுக்குத் திரும்ப, மகாராணி மட்டும் வரவில்லை. விடிந்ததிலிருந்து தானிய டப்பாவைக் குலுக்கி அழைத்துக்கொண்டிருக்கிறார். போனிலும் அந்தச் சத்தம் கேட்டது.

மனிதரைக் கொஞ்சம் சிரிக்கவைப்போம் என்று மெக்கானிக் அவிழ்த்துவிட்டார். வல்லூறு கழுகானது. றெக்கை வாசல் கதவு அகலம். வானத்தில் ஏழு குட்டிக்கரணம். அது இறங்கிய அதிர்ச்சியில் இவர் வீட்டுப் பாத்திரமெல்லாம் உருண்டதாம்.

மச்சினர் சிரித்துவிட்டார். வழக்கம்போல எல்லாவற்றையும் பத்தால் வகுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கதை சொல்லும் குஷியில், இரை என்னவென்று மெக்கானிக் பார்க்கவேயில்லை.

வல்லூறுக்கு அவசரமில்லை. ஒரு பிடுங்கல், சுற்றுமுற்றும் ஒரு பார்வை. மறுபடி ஒரு பிடுங்கல். சாம்பல் நிற இறகொன்று ஒடுங்கிய தெருவைத் தாண்டி மிதந்து வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியது.

வல்லூறு இரையைப் புரட்டிப் போட்டது. கால் ஒன்று மேலே வந்தது. அதில் ஒரு செம்பு வளையம்.

பழைய லிஃப்ட் ஒயரை உரித்து, இரண்டு முறுக்கு முறுக்கி, மகாராணிக்கு மெக்கானிக்கே மாட்டிவிட்ட வளையம்.

"அப்படி என்னத்தத்தான் திங்குது மச்சான் உங்க கழுகு?"



"எலி, மாப்ளே. சின்ன எலி."

டப்பா குலுங்குவது நின்றது.

எதிரே வல்லூறு அலகைப் பனியில் துடைத்துக்கொண்டது. போனில், தகர மூடியை அழுத்தி மூடும் சத்தம் கேட்டது.

"சரி மச்சான். எலியாவே இருக்கட்டும்."