அம்மா வண்டி எடுக்கிறாள்

காலை வெயில் பேருந்துப் பணிமனையின் தகரக் கூரையைத் தாண்டி, கழுவிவிட்ட ஈரத் தரையில் பளபளக்கிறது. கலைக் கல்லூரியில் செய்திப் புகைப்படம் படிக்கும் மகள், வாசலுக்கு வெளியே ஒரு பழைய டயரின் மேல் ஏறி நின்று கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள். எதிரே பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அவள் அம்மா. இத்தனை வருஷம் டிக்கெட் கிழித்தவள் இன்றுதான் முதன்முதலாக ஓட்டுநராக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள். "அம்மா, என்னைப் பாக்காதம்மா! நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோ." "பெத்தவகிட்ட வந்து இல்லன்னு நெனச்சுக்கோன்னா எப்படிடி?" என்று அம்மா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கல்யாண ஆல்பத்துக்குச் சிரிப்பதுபோல் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. உன் படத்தில் எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள் என்று வகுப்பில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். மெக்கானிக் கைத்துணியை ஆட்டி, "வரலாம், வரலாம்!" என்று கத்துகிறார். இன்ஜின் உறுமுகிறது, ஜன்னல்கள் அதிர்கின்றன. வாசல் தூண்களுக்கு நடுவே அந்தப் பெரிய வண்டி ஊர்ந்து நகர, அம்மா நுனிநாக்கைக் கடித்தபடி இடமும் வலமும் பார்க்கிறாள். மகள் நிற்பதே அவளுக்கு மறந்துபோகிறது. பின்சக்கரமும் தூணைத் தாண்டியதும் அவள் கண்கள் விரிந்து, வாய் தானாகத் திறந்து, முகம் மலர்ந்துவிடுகிறது. அந்த முகத்தை மகள் ஒரே ஒரு படம் எடுக்கிறாள். அதற்குமேல் இல்லாதவள்போல் நிற்க அவளால் முடியவில்லை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து, பணிமனையே திரும்பிப் பார்க்க விசிலடிக்கிறாள்.