தட்டிப் பார்த்த சத்தம்

"எண்ணூறு கேட்டவன் ஐந்நூறுன்னதும் தலையாட்டிட்டான் பாத்தியா? வேற எங்கியோ ஆப்பு வெச்சிருக்கான்."

சாமிதுரை மனைவியிடம் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் நாலு பேருக்குக் கேட்கும். வழிகாட்டியாக முன்னால் போன ஜெயராஜுக்கும் கேட்டிருக்கும்.

"ஏங்க, கொறைச்சுக் கேட்டது நீங்கதான. கொறைச்சாலும் தப்பா?" என்றாள் வளர்மதி.

"நோகாம கொறைக்கிறவன நம்பாத. நானே அப்படிக் கொறைச்சிருக்கேன்."

விருத்தாசலத்தில் சொந்தமாகப் பீங்கான் யூனிட் நடத்துகிற சாமிதுரை, குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பியதே பெரிய விஷயம். பிளஸ் டூ முடித்த மகள் கனிமொழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். குமரிக் கடலோரத்தில், பாறையும் மேடுமாக இருக்கிற பக்கம், ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும். வழி தெரிந்த ஆள் இல்லாமல் போகாதீர்கள் என்று லாட்ஜில் சொன்னதால் இந்த ஜெயராஜ்.

அவன் நடையே சாமிதுரைக்குப் பிடிக்கவில்லை. கையில் இரும்புப் பூண் போட்ட கம்பு. நாலு அடி வைப்பான். கம்பால் தரையைத் தட்டுவான். நிற்பான். அப்புறம் நாலு அடி.

"என்னய்யா, கதவா தட்டுற? உள்ளேருந்து யாராச்சும் தெறக்கப் போறாங்களா?"

"பழக்கம் சார்" என்று சிரித்தான் ஜெயராஜ்.

"சிரிப்பப் பாரு. பொழுத ஓட்டுறான்."

அதற்குள் செல்போன் அடித்தது. யூனிட்டில் வேலை பார்க்கிற பூங்கோதை.

"அண்ணே, அந்த ஹாஸ்டல் லோடு..."

"சொன்னத செய்யி. சும்மா சும்மா கூப்புடாத." கட் செய்துவிட்டார்.

உச்சி வெயிலில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நேராகக் கடலை ஒட்டி ஒரு செம்மண் மேடு. தாண்டினால் அஞ்சு நிமிஷத்தில் மணல். வலது பக்கம் முள்ளுக்காட்டு வழியாகச் சுற்றுப்பாதை. ஜெயராஜ் வலது பக்கம் திரும்பினான்.

"ஏய்யா, நேரா போனா என்ன?"

"வேண்டாம் சார். அந்த மேட்ட அடியில அலை அரிச்சிருக்கு."

"லாட்ஜுல ஒருத்தர் நேத்து அது மேல நின்னு ஃபோட்டோ எடுத்திருக்காரே?"

"நேத்து நின்னிருப்பாரு சார்."

சாமிதுரை கண்ணைச் சுருக்கினார். "சுத்துவழியில என்ன இருக்குது?"

"தென்னந்தோப்பு. ஒரு டீக்கடை."

"யாரு கடை?"

ஜெயராஜ் தயங்கினான். "என் தங்கச்சி கடை சார்."

"வந்துச்சா!" சாமிதுரை கை தட்டினார். "பாத்தியா வளரு, எங்க வெச்சிருக்கான் ஆப்புன்னு! ஆளுக்கொரு டீ, வடை, எளநி. விட்ட முந்நூறு அங்க வந்துடும்."

"கடை தங்கச்சிதுதான் சார். அதுக்காக மண்ணு பொய் சொல்லுமா?"

"மண்ணப் பத்தி எனக்கா சொல்ற? இருபத்தஞ்சு வருஷமா களிமண்ணுல கெடந்து எந்திரிச்சவன்யா நான். கனி, நீ வாம்மா."

"அப்பா, அவரு சொல்றாருல்ல..."

"அவரு சொல்லுவாரு. நட."

செம்மண் மேடு சிமெண்ட் தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. கனிமொழி முன்னால் போனாள். ஜெயராஜ் ஓடிவந்து அவளுக்குக் குறுக்கே கம்பை நீட்டினான்.

"சார், திட்டுறத அப்புறம் திட்டுங்க. இத மட்டும் கேளுங்க."

தன் காலடியில் தட்டினான். டங்.

கனிமொழி அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்தில் தட்டினான்.

டொப்.

சாமிதுரை யோசிக்கவே இல்லை. மகளின் கையைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். நல்ல பீங்கானைத் தட்டினால் கணீரென்று பேசும். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே விரிசல் விட்டிருந்தால் டொப்பென்று செத்த சத்தம் வரும்.

ஜெயராஜ் ஒரு பெரிய கல்லைத் தூக்கி அந்த இடத்தில் போட்டான். கல்லோடு சேர்ந்து ஒரு கட்டில் அகலத்துக்கு மண் பெயர்ந்து காணாமல் போனது. கீழே கடலில் விழுந்த சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

சுற்றுவழியிலேயே போனார்கள்.

தங்கச்சி கடை பெஞ்சில், வளர்மதி மகளின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். சாமிதுரை டீயில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மறுபடி செல்போன் அடித்தது.

"அண்ணே, திட்டாதீங்க. வண்டி நிக்குது" என்றாள் பூங்கோதை. "டொப்புன்னு கேட்ட பதினாறு வாஷ்பேசினுலயும் நீங்க சொன்ன மாதிரி விரிசல அடைச்சு வெள்ளை பூசியாச்சு. பாத்தா தெரியல. பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டலாச்சேன்னுதான் மனசு கேக்கல... ஏத்திடட்டுமா?"

சாமிதுரை கனிமொழியைப் பார்த்தார். விழுந்ததில் முழங்கை சிராய்த்து ரத்தம் கட்டியிருந்தது.

"விரிசல் விட்ட பதினாறையும் ஏத்தாத. ஒண்ணுகூடப் போவக் கூடாது. ஒடைச்சுப் போட்டுட்டு எனக்கு ஃபோட்டோ அனுப்பு."

போனை வைத்ததும், பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜெயராஜ் கேட்டான்.

"என்ன சார், விரிசல் விட்ட சாமானத் தலையில கட்டப் பாத்தானா? யாரு சார் அந்தக் களவாணி?"

"எங்க ஊர்க்காரன்தான்யா" என்றார் சாமிதுரை. "இப்ப உன் தங்கச்சி கடையில டீ குடிச்சிக்கிட்டு இருக்கான்."