விழாத அடி

‘ஊஊஊப்’ என்று ஏறிக்கொண்டே வந்த சத்தம், விழவேண்டிய இடத்தில் விழாமல் அப்படியே நின்றது.

காலையிலிருந்து இதே கதை.

தும்மல் வருகிறது என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது வராமலே போனால் எப்படி இருக்கும்? என் மகன் போடுகிற பாட்டு அப்படித்தான் இருக்கிறது.

பெரிய டிரம்மில் காலால் மிதித்து அடிக்கிற அடி ஒன்று அவன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிடுவான். வால் முதலில் வரும், தலை கடைசியில். முன்பெல்லாம் அந்தத் தலையில் ‘தும்’ என்று ஒரு நேர் அடியையும் வைப்பான். இப்போது தலையையே நறுக்கிவிடுகிறான்.

இதற்கு ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்கு ஒரு சர்டிபிகேட், சுவரில் கண்ணாடி போட்டு.

நான் லாரி ஓட்டியவன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட அதன்மேல் ஏறி நின்றதுதான் அதிகம். ஆனாலும் அடி என்றால் விழவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

போன் வந்தது. விளம்பரக் கம்பெனி அம்மாள். மகன் ஸ்பீக்கரில் போட்டான்.

“உறிஞ்சிக்கிட்டு வர்றது நல்லாத்தான் இருக்கு தம்பி. வந்து மோதற இடத்துல ஒண்ணுமே இல்லையே? எத்தனை தடவை சொல்றது? சாயங்காலத்துக்குள்ள அடி வரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

அந்த அம்மாளை நான் நம்பவில்லை. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

இது அவன் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை. இதுவும் கைநழுவினால் மறுபடி முன்பு வேலை பார்த்த குடோனுக்குப் போய்ப் பெட்டி தூக்கவேண்டியதுதான். அங்கிருந்து வரும்போதெல்லாம் அவன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான்.

மேல்வீட்டில் எதையோ தொப்பென்று போட்டார்கள்.

நான் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன். சொட்டவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொள்வது நல்லது. குழாயையும் நம்ப முடியாது, மேல்வீட்டுக்காரனையும் நம்ப முடியாது.

திரும்பி வந்தபோது மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லப்பா.”

மழைக்காலத்திலிருந்து இவன் வீட்டையே மெத்தையாக்கி வைத்திருக்கிறான். கதவு விளிம்பிலெல்லாம் ஸ்பாஞ்சு. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர். சமையலறையில் எவர்சில்வர் குடத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குடம். கேட்டால் ரெக்கார்டிங்குக்காம். கோபத்தில் கதவை ஓங்கிச் சாத்தினால்கூட ‘புஸ்’ என்கிறது. ஒரு மனுஷன் எப்படித்தான் கோபப்படுவது?

“ஏண்டா, திருப்பிப் போடத் தெரிஞ்சவனுக்கு நேராப் போடத் தெரியாதா?”

“போடறேன்பா. நீங்க கொஞ்சம் கடைப்பக்கம் போயிட்டு வாங்க. பால் வாங்கணும்.”

“பால் இருக்கு.”

“பிரெட்?”

“அதுவும் இருக்கு. என்னை வெளிய அனுப்பிட்டு என்னடா பண்ணப்போற?”

நேற்றும் இப்படித்தான் சோப்பு வாங்கச் சொன்னான். வீட்டில் பிரிக்காத சோப்பு கிடக்கிறது. எனக்குத் தெரியாமல் வீட்டை விற்க யாருக்காவது காட்டுகிறானோ என்னவோ. பெற்ற பிள்ளைதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

“நான் இருக்கறது இடைஞ்சல்னா காதுல மாட்டிக்கிட்டுக் கேளு.”

“அதுல கனம் தெரியாதுப்பா. ஸ்பீக்கர்லதான் கேக்கணும்.”

“அப்ப ஸ்பீக்கர்ல போடு. நான் நகரமாட்டேன்.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு எதையோ தட்டினான்.

ஊஊஊப்.

தும்.

குழாய் சொட்டவில்லை.

தரை காய்ந்து கிடந்தது. நான் எப்போது எழுந்தேன், குளியலறைக் கதவை எப்போது தள்ளினேன், எதுவும் தெரியவில்லை. ஒரு கால் செருப்பு கூடத்திலேயே கிடந்தது. நான் குனிந்து இரண்டு கைகளையும் தரைக்கு நீட்டிக்கொண்டிருந்தேன், யாரையோ வாரித் தூக்கப்போகிறவனைப் போல.

பின்னால் வந்து மகன் என் தோளைப் பிடித்தான்.

“அம்மா விழுந்தது மழைக்காலத்துலப்பா. இப்ப அங்க யாரும் இல்ல.”

நான் நிமிர்ந்து குழாயை ஒருதரம் இறுக்கித் திருகினேன்.

“குழாயைப் பாக்க வந்தேண்டா.”

“தெரியும்பா.”

அவன் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அந்தத் ‘தும்’மை மறுபடி நறுக்கக் கையைக் கொண்டுபோனான். ஜன்னலில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். ரப்பர் போட்ட நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது சத்தமே போடவில்லை.

“நறுக்காத. போடு.”

“அப்பா...”

“போடுடா. உக்காந்துக்கிட்டே கேக்கறேன்.”

நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஊஊஊ என்று அது ஏறத் தொடங்கியது.