மனமுவந்து விற்கிறீர்களா?

அந்த இளைஞன் பெரியவரின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான். கட்டைவிரலை மையில் அழுத்தி, பத்திரத்தின் மேல் அவனே உருட்டினான். எதிரில் உட்கார்ந்திருந்த பதிவாளர் மேசையைத் தட்டினார்.

"கையை விடு. ரேகை வைக்க வேண்டியது அவரு, நீ இல்ல."

"கை நடுங்குதேன்னு பிடிச்சேன் சார்" என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தான் இளைஞன்.

வீட்டை வாங்குபவன் அவன், விற்பவர் பெரியவர். வந்ததிலிருந்து அவன் பத்துத் தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். வியர்வையில் ஒட்டிய சட்டையோடு பெரியவரின் தோளுக்கு மேல் கவிழ்ந்து பக்கங்களைப் புரட்டினான்.

"இங்க ஒரு கையெழுத்து ஐயா. அடுத்தது இங்க. சீக்கிரம், வெளிய வண்டி நிக்குது."

கழுகு கூட இவ்வளவு அவசரப்படாது என்று நினைத்துக்கொண்டார் பதிவாளர். தங்கையின் பங்கை விழுங்கிய அண்ணன், பெற்றவளை வாசலில் நிறுத்திய மகன் என்று முப்பது வருடமாக இந்த மேசையில் அவர் பார்க்காத அசிங்கம் இல்லை. வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் கிளம்ப மாட்டார். வீட்டுக்குப் போய் அன்றைய கதையைக் கொட்டித் தீர்க்காமல் சாப்பிட மாட்டார்.

சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "பெரியவரே, மனமுவந்துதான் விக்கிறீங்களா? யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

பெரியவரின் உதடு துடித்தது. அடுத்த நொடி கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயா, என்னாச்சு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசினீங்க?" இளைஞன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா!"

பதிவாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். "வெளியே போடா!"

அவன் போனதும் தண்ணீர் கொடுத்துப் பெரியவரை ஆசுவாசப்படுத்தினார்.

"எம் பொண்டாட்டி கண்ணை மூடின வீடு சார் அது" என்று தேம்பினார் பெரியவர். "விக்க மனசே இல்ல. அவன்தான் விடாம நச்சரிச்சான். நீங்களும் ஒத்தைப் பொண்ணைக் கட்டிக் கொடுத்தவரு, வெறிச்சோடின வீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

பதிவாளர் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து, "விற்பவருக்கு விருப்பமில்லை. வாங்குபவர் வற்புறுத்தியதை நேரில் கண்டேன். பதிவு மறுக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அதுல ஒரு நகல் கிடைக்குமா சார்? அவன் கேஸு கீஸுன்னு வந்தான்னா..."

"தாராளமா." முத்திரை குத்தி அவரே கையில் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்த பதிவாளரை இளைஞன் வழிமறித்தான். "ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்திருக்கேன் சார். குடியிருந்த வீட்டையும் காலி பண்ணிட்டேன். பொண்டாட்டி வண்டியில உட்கார்ந்திருக்கா."

"கோர்ட்டுல போய்ச் சொல்லு."

"நீங்க எழுதிக் கொடுத்ததைக் காட்டினா கோர்ட்டு என்னை எப்படி சார் நம்பும்?"

பதிவாளர் அவனை விலக்கிக்கொண்டு நடந்தார். குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினார். ஜன்னலுக்கு வெளியே கட்டிலும் பாத்திரங்களுமாக ஒரு வண்டி நின்றது. முன்சீட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இவனுக்கும் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாளே என்று அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகனும் வந்திருந்தார்.

"இன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தன் வந்தாம்மா..." என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தார் பதிவாளர்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல வாயைத் திறங்கப்பா." மகள் இனிப்பை ஊட்டினாள். "எங்களுக்கு வீடு முடிஞ்சிடுச்சு!"

"எந்த வீடு?"

"அந்த மூலை வீடுதான்பா. நாங்க கேக்கறதுக்குள்ள எவனோ முன்பணம் கொடுத்துட்டான். நல்லவேளை, இன்னிக்கு உங்க ஆபீஸ்ல அது முறிஞ்சுபோச்சு. அவனை விட நாங்க கூடவே தர்றோம்னு சொன்னா அந்தப் பெரியவருக்குக் கசக்குமா என்ன?"

மருமகன் பணிவாக எழுந்து நின்றார். "நீங்க லீவு போடுற அன்னிக்குப் பதிஞ்சுக்கறோம் மாமா. உங்களுக்கு எதுக்கு வீண் சங்கடம்?"

வாயிலிருந்த இனிப்பை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார் பதிவாளர். "அந்த மனுஷன் விக்க மனசே இல்லன்னு தேம்பித் தேம்பி அழுதாரேம்மா?"

மகள் அவர் சட்டையில் சிந்தியிருந்த துகளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"அழுதாத்தான் அப்பா இளகுவாருன்னு அவருக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்!"