இரண்டாம் அணைப்பு

பட்டாசு ஆலை வெடித்ததில் மகனைப் பறிகொடுத்தவள், துக்கம் கேட்க வந்த தலைவரைக் கண்டதும் ஓடிவந்து அவர் நெஞ்சில் விழுந்தாள். தலைவர் அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கட்சிக்குப் படம் எடுக்கும் எபனேசர் வருடக்கணக்காக அவர் பின்னால் அலைந்தவன். அப்படியொரு அழுகையை அவரிடம் அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

"ஐயா, முகம் தெரியல. இன்னொருக்கா..."

தலைவர் நிமிர்ந்து ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்து, துண்டைச் சரிசெய்துகொண்டு கைகளை விரித்தார். போஸ்டர்களில் இருக்கும் அந்த முகம் வந்துவிட்டது.

"நான் எந்தப் பக்கம் சாயணும், தம்பி?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

மறுநாள் டீக்கடையில் எல்லோர் கையிலும் அந்த இரண்டாவது படம் போட்ட பேப்பர் இருந்தது. "என்னமா நடிக்கான் பாரு!" என்று ஒருவர் சிரித்தார். கடைக்காரர் எபனேசர் பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்துலதான நின்ன? நெசமாவே அழுதாரா?"

முதலில் எடுத்த படம் இன்னும் அவன் கேமராவில்தான் இருந்தது. எபனேசர் டீ கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முகம் தெரியலண்ணே" என்றான்.