பேய் இல்லாத பேய்ப்படம்

"பேயே இல்லாமப் பேய்ப்படமுங்களா தம்பி?"

காரை ஓட்டிக்கொண்டே கேட்டார் செங்கோடன். சோமனூரில் அறுபது தறி ஓட்டுகிறவர். சினிமா எடுக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழில் சளைக்காமல் விளக்கினான்.

"இது கம்ப்யூட்டர்ல ஆடற ஒரு ஆட்டத்தோட கதைங்ணா. ஒருத்தன் ஒரு பழைய பங்களாவுக்கு வாரான். மொதத் தடவையா வாரோம்னு நெனச்சுட்டு இருக்கறான். ஆனா கதவத் தொறக்கற பொம்பள, 'நேத்தும் வந்தீங்களே'ங்கறா. நேத்து அவன் என்னென்ன செஞ்சான்னு ஒண்ணொண்ணாச் சொல்றா. அவன் செஞ்ச தப்புதானுங்ணா பேய். அது அவன் மனசுக்குள்ளதான் இருக்குது."

"மனசுக்குள்ள இருக்கறதுக்கு யாருங்க பயப்படுவாங்க? ஒரு வெள்ளச் சேலை, சலங்கைச் சத்தம், அப்படி ஏதாச்சும் போடுங்க."

"வெரத நேரத்துல பேய்க்கதை எதுக்குங்க?" என்றார் பின்சீட்டில் இருந்த அவர் மனைவி நாச்சியம்மாள். கணவர் பழனிக்கு நடந்து போக மாலை போட்டதிலிருந்து அவரும் கூடவே விரதம்.

"அதுவுஞ் சரித்தான். பூசம் முடியட்டுமுங்க தம்பி. நடந்து போயிட்டு வந்து பாக்கலாமுங்க."

அந்தப் பக்கத்தில் 'பாக்கலாமுங்க' என்றால் முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

சென்னையில் ஏழு வருடம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவன் அவன். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அந்த விளையாட்டை ஆடிவிட்டு நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் மேல் ஃபேக்ஸ் அனுப்பி, படமாக்க அனுமதி வாங்கினான். ஜனவரிக்குள் தொடங்காவிட்டால் அந்த அனுமதி போச்சு. செங்கோடனை விட்டால் வேறு தயாரிப்பாளரும் கிடையாது.

அதனால்தான் இன்றைக்கு ஒரு காரியம் செய்திருந்தான். பேரூர் தாண்டி ஒரு பழைய பங்களா. ஆள் நடமாட்டமே இல்லை என்று புரோக்கர் சொல்லியிருந்தார். வெள்ளகோவிலில் ஒரு நாடகக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, பொற்கொடி என்ற நடிகையைப் பிடித்து, கதவு திறக்கிற பெண்ணின் வசனத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆளை நேரில் பார்த்ததில்லை, குரல் பிடித்திருந்தது. காலையிலேயே போய்ப் பங்களாவில் இருக்கச் சொல்லிவிட்டான். செங்கோடனிடம் லொகேஷன் பார்க்கப் போகலாம் என்று மட்டும் சொன்னான். எந்த இடம் என்று சொல்லவில்லை.

"அந்தப் புளியமரத்துக்கிட்ட எடப்பக்கம் திருப்புங்ணா."

"இந்தப் பக்கங்களா?" என்றார் செங்கோடன். அதற்கப்புறம் கார் ஊர்ந்துதான் போனது. இடமே ஆளை அசைத்துவிட்டது என்று எழிலுக்குச் சந்தோஷம்.

கார் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி செங்கோடனைப் பார்த்து நிதானமாகச் சிரித்தாள்.

"வாங்க வாங்க. நேத்துத்தான் வந்துட்டுப் போனீங்க. இன்னைக்கு அம்மணியையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

எழிலுக்குப் புல்லரித்தது. சொல்லிக் கொடுத்ததைவிட இயல்பாக இருந்தது.

"நானுங்களா? நான் இந்த ஊட்டுக்கு இன்னைக்குத்தான் வாரேன்," என்றார் செங்கோடன்.

"அதெப்படிங்க மறக்கும்? அந்தச் சன்னலோரந்தான உக்காந்திருந்தீங்க. எல்லாம் முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கையக் கழுவிக் கழுவி மோந்து பாத்தீங்களே. யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னீங்க. நானும் இந்நேரம் வரைக்கும் வாயத் தொறக்கலீங்க."

மார்கழிக் குளிரில் செங்கோடனின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நாச்சியம்மாள் அவர் கையைப் பிடித்தார். "ஏனுங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? அந்தப் பொம்பள என்ன சொல்லுது?"

"நடிப்பு, அம்மணி. எல்லாம் தம்பி ஏற்பாடு." செங்கோடன் எழிலைப் பார்த்தார். "இல்லீங்களா தம்பி?"

"கண்டுபுடிச்சுப்போட்டீங்களேங்ணா. ஆமாங்க, அந்த ஆட்டத்துல வர்ற வசனந்தானுங்க."

செங்கோடனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நீங்க சொன்னது சரிதானுங்க தம்பி. மனசுக்குள்ள இருக்குதே, அதுதான் பேய். பொங்கலுக்கு மறுநாளே பூஜை போட்டுரலாம். அம்மணி, நீ கார்ல ஏறு. தம்பி, நீங்க பஸ்ஸுல வந்துருங்க."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தது. விட்டுவிட்டுப் போனதுகூட எழிலுக்கு உறைக்கவில்லை. மனசு நிறைந்து கிடந்தது. ஏழு வருடத்துக்கு அப்புறம் தன் படம்.

"அக்கா, பின்னிட்டீங்க. கையக் கழுவறது, மோந்து பாக்கறது எல்லாம் நான் சொல்லவே இல்லையே. எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முகத்தில் மேக்கப்போடு ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள்.

"நீங்கதானுங்களா டைரக்டர்? நாந்தானுங்க பொற்கொடி. காங்கேயத்துல பஸ்ஸு பஞ்சராகிப்போச்சுங்க. புரொடியூசர் வந்துட்டாருங்களா?"

எழில் மெல்லத் திரும்பினான். "அப்ப நீங்க?"

"நான் மாசாணியம்மாளுங்க, இந்த ஊட்டுக் காவலு. பின்பக்கம் மில்லுக்காரங்களுக்குக் கறிச்சோறு ஆக்கிப் போடறனுங்க," என்றாள் அவள். "அந்த ஐயா நேத்து மாலையைக் கழட்டி ஆணியில மாட்டிப்போட்டு, ஒரு சட்டி ஆட்டுக்கறியவும் ஒருத்தராவே சாப்பிட்டுப் போனாருங்க."